சேணமும் தலைக்கவசமும்: குதிரைச்சவாரியின் நூற்றிருபது ஆண்டுகள்

இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது குதிரை ஏறத் தெரிவது பிழைப்புக்கு வேண்டிய திறமை. படைவீரன், அஞ்சல்காரன், பண்ணையாள், மருத்துவர், பாதிரியார் எனப் பலருக்கும் அது தேவைப்பட்டது. அமெரிக்காவில் மட்டும் 1915-ஐ ஒட்டி 2 கோடிக்கும் மேற்பட்ட குதிரைகள் இருந்தன. டிராக்டரும் லாரியும் வந்தபின் 1960 வாக்கில் கோவேறு கழுதைகளையும் சேர்த்துச் சுமார் 30 லட்சமே மிஞ்சின. பிறகு அந்த எண்ணிக்கை மெல்ல ஏறியது, ஏறியவையோ பெரும்பாலும் பொழுதுபோக்குக்கும் போட்டிக்கும் வளர்க்கப்பட்டவை. ஏறுபவர் மாறிவிட்டார், ஏறும் காரணமும் மாறிவிட்டது. உடையும் உபகரணமும் அந்த வேகத்தில் மாறவில்லை. அவை மாறிய விதத்தில் ஓர் ஒழுங்கு உண்டு. அலங்காரம் படை அதிகாரிகளிடமிருந்தும் பிரபுக்களிடமிருந்தும் கீழே இறங்கி வந்தது. பாதுகாப்பு ஜாக்கிகளிடமும் சிறுவர்களிடமும் தொடங்கி மேலே ஏறியது, உச்சியில் இருப்பவர்களைக் கடைசியாகத்தான் அடைந்தது.

முதல் பெரிய மாற்றம் உட்காரும் முறையில் நிகழ்ந்தது. அதுவரை தடை தாண்டும்போது சவாரிக்காரர் நீண்ட அங்கவடியில் காலை முன்னே நீட்டி, உடலைப் பின்னுக்குச் சாய்த்து, கடிவாளத்தை இழுத்துப் பிடிப்பார். குதிரை தரையிறங்கும்போது அவருடைய முழு எடையும் அதன் இடுப்பில் விழும், கடிவாள இரும்பு வாயை வெட்டும். இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெடரிகோ காப்ரில்லி இதைத் தலைகீழாக்கினார். அங்கவடி வாரைச் சுருக்கி, உடலை முன்னே கொண்டுபோய், குதிரையின் கழுத்து நீளும் திசையிலேயே கைகளையும் போகவிட்டார். குதிரை தன் சமநிலையைத் தானே பார்த்துக்கொள்ளும், மனிதர் அதற்கு இடைஞ்சல் செய்யாமல் இருந்தால் போதும் என்பது அவருடைய கொள்கை. 1902-இல் தூரின் நகரில் அவர் 2.08 மீட்டர் உயரம் தாண்டிக் காட்டினார். 1907-இல் குதிரையிலிருந்து விழுந்து இறந்துவிட்டபோதும், பினெரோலோ குதிரைப்படைப் பள்ளிக்கு வந்து கற்ற பிற நாட்டு அதிகாரிகள் வழியாக அவருடைய முறை உலகெங்கும் பரவியது. இன்று எந்தச் சவாரிப் பள்ளியிலும் தடை தாண்டக் கற்பிப்பது அதைத்தான்.

பந்தய மைதானத்திலும் ஏறக்குறைய அதே காலத்தில் இன்னொரு புரட்சி நடந்தது. 1897-இல் அமெரிக்க ஜாக்கி டாட் ஸ்லோன் இங்கிலாந்துக்கு வந்து, முழங்கால் மார்பை நெருங்கும் அளவுக்கு அங்கவடியைச் சுருக்கி, குதிரையின் கழுத்தின் மேல் குனிந்தபடி ஓட்டினார். பார்த்தவர்கள் குரங்கு என்று கேலி செய்தார்கள். அவர் ஜெயிக்கத் தொடங்கியதும் கேலி செய்தவர்களே வாரைச் சுருக்கிக்கொண்டார்கள். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பந்தய நேரங்கள் 5 முதல் 7 சதவீதம் குறைந்திருப்பதை 2009-இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வு ஒன்று எடுத்துக்காட்டியது. குனிந்து நிற்கும் ஜாக்கியின் கால்கள் வில்போல் மடங்கி விரிகின்றன. குதிரை ஒவ்வொரு பாய்ச்சலிலும் முன்பின்னாக அசைந்தாலும் அவருடைய உடல் ஏறத்தாழ ஒரே சீராக முன்னே போகிறது. எடையைக் குதிரை சுமக்கத்தான் செய்கிறது, ஆனால் அதை ஒவ்வொரு முறையும் உந்தித் தள்ள வேண்டியதில்லை.

இருக்கை மாறியதும் சேணம் மாறியே ஆகவேண்டியிருந்தது. பழைய வேட்டைச் சேணம் தட்டையானது, பக்கமடல் நேராகக் கீழே தொங்கும். முன்சாய்ந்து உட்காருபவரின் முழங்கால் அந்த மடலைத் தாண்டி வெளியே போய்விடும். ஆகவே தாண்டல் சேணத்தின் மடல் முன்புறமாக வளைந்தது, முழங்காலைத் தாங்க மெத்தைத் திண்டு வந்தது. டிரெசாஜ் எனப்படும் நளின நடைப் போட்டிக்கோ நேர்மடலும் ஆழ்ந்த இருக்கையும் கொண்ட வேறொரு சேணம் உருவாயிற்று. ஒரே சேணத்தில் வேட்டைக்கும் ஊருக்கும் போருக்கும் போய்வந்த காலம் அத்துடன் முடிந்தது. இரண்டு துறைகளில் போட்டியிடும் இன்றைய மாணவிக்கு இரண்டு சேணம் வேண்டும். சேணம் விற்பவர்களுக்கு இது மகிழ்ச்சியான செய்தி.

மாணவி என்று சொல்வதே ஒரு நீண்ட வரலாற்றின் முடிவு. ஐரோப்பாவின் மேட்டுக்குடிப் பெண்கள் பல நூற்றாண்டுகளாக இரு கால்களையும் குதிரையின் ஒரே பக்கம் போட்டு அமர்ந்தார்கள். 1830-ஐ ஒட்டி அந்தப் பக்கச்சேணத்தில் இடது தொடையை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் கூடுதல் கொம்பு ஒன்று சேர்க்கப்பட்டது. அதன் பிறகு பெண்கள் பாய்ச்சலில் ஓடவும் வேலி தாண்டவும் முடிந்தது. ஆனால் விழும்போது நீண்ட பாவாடை கொம்பில் மாட்டிக்கொள்ளும், பெண் தரையில் இழுபடுவாள். இதற்காகவே மாட்டினால் கழன்றுவரும் பாவாடைகளும், பின்னர் கால்சட்டையின் மேல் முன்பக்கம் மட்டும் மறைக்கும் துணியும் தைக்கப்பட்டன. இருபுறமும் கால் போட்டு உட்காருவது எளிய தீர்வு. அதை நெடுங்காலம் தடுத்தது உடலமைப்பல்ல, ஊரார் வாய். முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தின் சில இராணுவக் குதிரைப் பண்ணைகளைப் பெண்களே நடத்தினார்கள், கால்சட்டை அணிந்து ஆண்களைப் போலவே ஏறினார்கள். அதன் பிறகு பழைய வழக்கம் வேகமாகத் தேய்ந்து, 1930-களில் பக்கச்சேணம் சிறுபான்மையினருடையதாகிவிட்டது. அரசுச் சடங்கில் மட்டும் அது நீடித்தது. அரசி இரண்டாம் எலிசபெத் 1986 வரை ஆண்டுதோறும் தம் பிறந்தநாள் அணிவகுப்புக்குப் பக்கச்சேணத்திலேயே சென்றார். 1981-இல் கூட்டத்திலிருந்து ஒருவன் வெற்றுத் தோட்டாக்களைச் சுட்டபோது பர்மீஸ் என்ற அந்தக் கருங்குதிரை மிரண்டது. அரசி பக்கச்சேணத்தில் இருந்தபடியே அதை அடக்கி, அணிவகுப்பைத் தொடர்ந்தார்.

போட்டிகளின் கதவு பெண்களுக்கும் சாமானியர்களுக்கும் இன்னும் தாமதமாகவே திறந்தது. ஒலிம்பிக்கில் 1912 முதல் நிலையாக இடம்பெற்ற குதிரையேற்றம் நடைமுறையில் அதிகாரிகளின் விளையாட்டு. 1948 லண்டன் ஒலிம்பிக் வரை டிரெசாஜில் பங்கேற்கும் படையினர் அதிகாரிகளாக இருக்க வேண்டும் என்பது விதி. அந்த ஆண்டு தங்கம் வென்ற ஸ்வீடன் அணியில் கேனல் பெர்ஷோன் உண்மையில் சார்ஜென்ட். போட்டிக்காகவே அவருக்குத் தற்காலிகமாக அதிகாரிப் பதவி தரப்பட்டது தெரியவந்து, மறு ஆண்டு அணியின் பதக்கம் பறிக்கப்பட்டது. குதிரை நன்றாக ஆடியதா என்பதல்ல, ஏறியவரின் தோள்பட்டையில் என்ன இருந்தது என்பதே கேள்வியானது. விஷயம் கேலிக்கூத்தாகி விதியே தளர்ந்தது. 1952-இல் ஹெல்சிங்கியில் அதே மூவர் மீண்டும் வந்து தங்கம் வென்றார்கள், 1956-இலும் வென்றார்கள்.

ஹெல்சிங்கியில் பெண்களும் முதன்முறையாக டிரெசாஜில் இறங்கினார்கள். டென்மார்க்கின் லிஸ் ஹார்டல் 1944-இல் இளம்பிள்ளைவாதத்தால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர். குதிரையில் ஏறவும் இறங்கவும் பிறர் உதவி வேண்டும். அவர் வெள்ளி வென்றார், அடுத்த ஒலிம்பிக்கிலும் வென்றார். உடல் ஊனமுற்றோருக்கான சவாரிச் சிகிச்சை ஐரோப்பாவில் வேரூன்ற அவருடைய புகழ் பெரிதும் உதவியது. 1956-இல் தாண்டலிலும் 1964-இல் ஈவன்டிங் எனப்படும் மும்முனைப் போட்டியிலும் பெண்கள் நுழைந்தனர். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் டிரெசாஜ் தனிநபர் பதக்கங்கள் மூன்றையும் பெண்களே எடுத்தார்கள். பந்தய உலகம் இன்னும் மெதுவானது. ஒரு சிறுமி இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனல் தாண்டல் பந்தயத்தில் முதலாவதாக வருவதாக எனிட் பாக்னோல்ட் எழுதிய நேஷனல் வெல்வெட் நாவல் 1935-இல் வெளியானது. உண்மையில் ஒரு பெண் அதில் ஓட 1977 வரையிலும், ஜெயிக்க 2021 வரையிலும் காத்திருக்க வேண்டியிருந்தது. வென்றவர் அயர்லாந்தின் ரேச்சல் பிளாக்மோர்.

இவற்றுக்கெல்லாம் கீழே அடித்தளமாக இருந்தது பதக்கங்கள் அல்ல, வார இறுதிகள். 1929-இல் இங்கிலாந்தில் தொடங்கிய போனி கிளப் குழந்தைகளுக்குச் சவாரியோடு லாயம் கூட்டுவதையும் குளம்பு சுத்தம் செய்வதையும் கற்றுக்கொடுத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் குதிரைப்படைகள் கலைந்தபோது ஓய்வுபெற்ற படையினர் பலர் சவாரிப் பள்ளிகளை நடத்தினார்கள். முதுகை நிமிர்த்து, குதிகாலைத் தாழ்த்து என்ற அவர்களுடைய அதட்டல் மொழி இன்றும் பயிற்சித் திடல்களில் கேட்கிறது. ஆனால் எதிரே நின்ற மாணவர்கள் படைவீரர்கள் அல்லர். பெரும்பாலோர் நடுத்தர வர்க்கச் சிறுமிகள். வாங்குபவர் மாறியபோது கடைச்சரக்கும் மாறியது.

உடையில் அது முதலில் தெரிந்தது. தொடையில் பலூன்போல் புடைத்து முழங்காலுக்குக் கீழே ஒட்டிப் பிடிக்கும் கால்சட்டை ஜோத்பூரிலிருந்து வந்தது. போலோ பிரியரான சர் பிரதாப் சிங் 1897-இல் விக்டோரியா அரசியின் வைரவிழாவுக்கு லண்டன் சென்றபோது அந்தப் பாணியும் உடன் சென்றது. புடைப்பு அழகுக்காக வந்ததல்ல. நெய்த துணி நீளாது என்பதால், உட்காரும்போது கிழியாமல் இருக்க அந்த அகலம் தேவைப்பட்டது. 1958-இல் டியூபான்ட் ஆய்வுக்கூடத்தில் ஸ்பாண்டெக்ஸ் இழை உருவானது. நீளும் துணிகள் 1960-களில் பரவியதும் அந்தப் புடைப்புக்கு வேலை இல்லாமல் போனது. உள்தொடையில் முன்பு தைத்த மான்தோலின் இடத்தை இன்று வழுக்காத சிலிக்கான் புள்ளிகள் பிடித்திருக்கின்றன. அளவெடுத்துத் தைத்த நெடுங்காலணியை ஆள் வைத்து இழுத்துக் கழற்ற வேண்டியிருந்தது. இப்போது அதன் முதுகில் ஜிப் இருக்கிறது. பயிற்சிக்கு வருபவர்கள் குட்டைக் காலணியின் மேல் கெண்டைக்கால் உறையைச் சுற்றிக்கொள்கிறார்கள்.

தலைக்கவசத்தின் கதை இவ்வளவு எளிதல்ல. 1923-இல் கிராண்ட் நேஷனல் வென்ற கேப்டன் டப்பி பென்னட் அந்த ஆண்டு இறுதியில் வேறொரு பந்தயத்தில் விழுந்து, தலையில் குதிரையின் உதை பட்டு, பின்னர் நினைவு திரும்பாமலேயே இறந்தார். அதைத் தொடர்ந்து பிரிட்டனின் தாண்டல் பந்தயங்களில் ஜாக்கிகளுக்குத் தலைக்கவசம் கட்டாயமானது. கூலிக்கு ஓட்டுபவர்களின் தலைக்கு வந்த இந்தக் காவல் கனவான்களின் தலைக்கு வரவில்லை. வேட்டைக்குப் போனவர்கள் வெல்வெட் போர்த்திய விளிம்புத் தொப்பி அணிந்தார்கள். அதன் ஓடு மெலிது, பலவற்றில் தாடை வாரே கிடையாது. விழத் தொடங்கியதுமே தொப்பி தனியாகப் பறந்துவிடும். டிரெசாஜில் பட்டு மேல்தொப்பியும் வால்கோட்டும் மரபு.

கவசம் உண்மையிலேயே கவசமானது அதற்கான தர அளவுகள் வந்தபிறகுதான். அமெரிக்காவில் 1980-களின் இறுதியிலும் ஐரோப்பாவில் 1990-களிலும், எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் எவ்வளவு அதிர்ச்சி தலைக்குப் போகலாம் என்று எண்ணில் வரையறுத்தார்கள். கவசத்தின் உள்ளிருக்கும் பாலிஸ்டைரீன் நுரை நொறுங்கித்தான் அடியை உள்வாங்குகிறது. ஒருமுறை நொறுங்கியது மறுமுறை காக்காது, ஆகவே பலத்த அடி பட்ட கவசத்தைத் தூக்கி எறிய வேண்டும். வெளியே கீறல்கூடத் தெரியாத பொருளை எறிய மனம் வராதது மனித இயல்பு, பயிற்றுநர்கள் திரும்பத் திரும்ப வற்புறுத்துவதும் இதனால்தான். சாய்வாக விழும்போது மூளை சுழன்று காயப்படுவதைக் குறைக்க ஸ்வீடன் ஆய்வாளர்கள் கவசத்தின் உள்ளே சற்று வழுக்கி நகரும் படலம் ஒன்றை வைத்தார்கள். மிப்ஸ் என்னும் அந்த அமைப்பு சைக்கிள் கவசங்களால் பெயர்பெற்றது, ஆனால் 2007-இல் முதலில் விற்பனைக்கு வந்தது குதிரைச்சவாரிக் கவசத்தில்.

போனி கிளப் சிறுவர்கள் தாடை வார் மாட்டாமல் குதிரைப் பக்கம் போகக்கூடாது என்ற காலத்திலும், உச்ச நிலை டிரெசாஜ் வீரர்கள் பட்டுத்தொப்பியோடுதான் வந்தார்கள். 2010 மார்ச்சில் அமெரிக்க ஒலிம்பிக் வீராங்கனை கோர்ட்னி கிங்-டை பயிற்சியின்போது குதிரை இடறி விழுந்து, கவசம் இல்லாத தலையில் கடுமையாக அடிபட்டுக் கோமாவுக்குப் போனார். அந்தச் செய்தி அந்த உலகை உலுக்கியது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிரிட்டனின் ஷார்லட் டுஜார்டன் கவசத்தோடு ஆடித் தங்கம் வென்றபோது, அழகு கெடும் என்ற வாதம் வலுவிழந்தது. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2021 ஜனவரி முதல் டிரெசாஜிலும் அனைவருக்கும் கவசத்தைக் கட்டாயமாக்கியது. ஜாக்கிகளுக்கு வந்து ஏறத்தாழ நூறாண்டு கழித்து!

கவசம் காக்க முடியாத இடங்களும் உண்டு. திரைப்பட நடிகர் கிறிஸ்டோஃபர் ரீவ் 1995-இல் வர்ஜீனியாவில் விழுந்தபோது தலையில் கவசமும் உடலில் மார்புக்காப்பும் அணிந்திருந்தார். முறிந்தது கழுத்து. ஈவன்டிங்கில் காட்டுவெளித் தடைகள் அசையாத மரக்கட்டைகள். குதிரையின் முன்கால் மேல்பகுதி கட்டையில் மோதினால் ஏறக்குறைய 500 கிலோ எடையுள்ள விலங்கு குட்டிக்கரணம் போட்டுச் சவாரிக்காரரின் மேலேயே விழும். 1999-ஆம் ஆண்டில் மட்டும் பிரிட்டனில் ஐந்து வீரர்கள் ஈவன்டிங்கில் இறந்தார்கள். நுரைப்பலகை மார்புக்காப்பு இத்தகைய எடைக்கு முன்னால் சிறிதளவே உதவும். ஆகவே கவனம் உடையிலிருந்து தடைக்குத் திரும்பியது. குறிப்பிட்ட விசைக்கு மேல் அழுத்தம் வந்தால் முறிந்து கட்டையைக் கீழே விழவிடும் முளைகள் 2000-களின் தொடக்கத்தில் பொருத்தப்பட்டன. சவாரிக்காரர்களுக்கு அந்தப் பதிற்றாண்டின் இறுதியில் காற்றடைத்த மேலங்கி வந்தது. ஒரு கயிற்றால் சேணத்தோடு இணைந்திருக்கும் அது, ஆள் பிரிந்து விழுந்ததும் கரியமில வாயுக் குப்பியைத் திறந்து, நொடியின் சிறு பகுதியில் கழுத்தையும் முதுகையும் சுற்றி உப்பும். முதலில் மோட்டார் சைக்கிள்காரர்களுக்காகச் செய்யப்பட்டது இது. இறங்கும்போது கயிற்றைக் கழற்ற மறந்தவர்கள் லாய முற்றத்தில் பலூனாக நிற்பது புதிய வேடிக்கை.

சேணத்தின் உள்ளே நடந்த மாற்றங்கள் கண்ணுக்குத் தெரியாதவை. பீச் மரச் சட்டத்தின் இடத்தில் பலகை ஒட்டிய எஃகு வில்சட்டமும், பிறகு வார்த்த பிளாஸ்டிக்கும் கார்பன் இழையும் வந்தன. திண்டுக்குள் கம்பளி அடைப்பதோடு நுரையும் காற்றுப்பையும் சேர்ந்தன. 1980-களில் ஆஸ்திரேலியாவின் வின்டெக் செயற்கை இழைச் சேணத்தைப் பரப்பியது. விலை குறைவு, எடை குறைவு, எண்ணெய் பூச வேண்டாம், குழாயடியில் கழுவலாம். தோல்தான் சேணம் என்றிருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். சவாரிப் பள்ளிகள் வாங்கிக் குவித்தன. இங்கிலாந்தின் வால்சால் நகரம் தோல் சேணத்துக்குப் பெயர்பெற்றது. அதன் சந்தையில் விலைமலிவான பகுதியைக் கான்பூர் பிடித்தது. 1860-களில் பிரிட்டிஷ் இராணுவத்துக்காக அங்கே தொடங்கப்பட்ட வார், சேணத் தொழிற்சாலைதான் அந்தத் திறமையின் விதை. படைக்காக வளர்ந்த கைவேலை இன்று ஐரோப்பிய, அமெரிக்கச் சிறுமிகளின் முதல் சேணத்தைத் தைக்கிறது.

அமெரிக்க மேற்கத்திய பாணி தனி வழியில் போனது. மாடு பிடிக்கும் கயிற்றைச் சுற்றிக்கட்டச் சேணத்தின் முன்னால் ஒரு கொம்பு, நாள் முழுவதும் உட்கார அகன்ற இருக்கை, 15 கிலோவையும் தாண்டும் எடை என அது அமைந்திருந்தது. 1920-களில் நகரத்தார் பணம் கொடுத்துப் பண்ணையில் தங்கிச் சவாரி செய்யும் விடுமுறை வழக்கம் பரவியபோது கொம்பும் கௌபாய் தொப்பியும் ஜீன்ஸும் வேடமாகவும் மாறின. வாழ்நாளில் ஒருமுறைகூடக் கயிறு வீசாதவர்களின் சேணத்திலும் அந்தக் கொம்பு இன்றுவரை நிற்கிறது. தலைக்கவசத்துக்கு மிகப் பிடிவாதமான எதிர்ப்பு இருப்பதும் இங்கேதான்.

படையிலிருந்து குடிமக்களுக்கு வந்த பயணம் இந்தியாவில் மிகத் தெளிவாகத் தெரியும். விடுதலைக்குப் பின் சமஸ்தானங்களின் குதிரைப்படைகளை இணைத்து 1953-இல் உருவான 61-ஆம் குதிரைப்படையே நெடுங்காலம் இந்தியக் குதிரையேற்றத்தின் முகம். 1982 டில்லி ஆசிய விளையாட்டில் ரகுபீர் சிங் ஈவன்டிங்கில் தங்கம் வென்றார், அணித் தங்கமும் கிடைத்தது. அணியில் இருந்தவர்கள் படையினர். அடுத்த குதிரையேற்றத் தங்கம் 41 ஆண்டுகள் கழித்து 2023-இல் ஹாங்ஜோவில் வந்தது. டிரெசாஜ் அணியில் அனுஷ் அகர்வாலா, ஹிருதய் சேடா, திவ்யகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா ஆகிய நால்வரும் குடிமக்கள், இருவர் பெண்கள். ஐரோப்பாவில் தங்கிப் பயின்றவர்கள், அங்கேயே தயாரான குதிரைகளில் ஏறியவர்கள். படையின் இடத்தைக் குடும்பத்தின் பணம் எடுத்துக்கொண்டிருப்பதும் இதில் தெரிகிறது. விளையாட்டின் கதவு முன்பைவிட அகலம்தான், ஆனால் நுழைவுக் கட்டணம் குறையவில்லை.

கடைசியாகக் கணக்கில் வந்தது குதிரையின் பக்கம். அழுத்தம் பதியும் உணர்விப் பாய்களைச் சேணத்துக்கு அடியில் விரித்துப் பார்த்தபோது, சரியாகப் பொருந்தாத சேணம் முதுகெலும்பின் இருபுறமும் எங்கே நெரிக்கிறது என்பது திரையில் வண்ணமாகத் தெரிந்தது. ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்ற வரம்பைப் பல பள்ளிகள் பின்பற்றுகின்றன. பந்தயச் சாட்டைக்கு மெத்தையுறை வந்தது, எத்தனை அடி என்பதற்கும் வரம்பு வந்தது. பொதுமக்களின் பொறுமையும் குறைந்துவிட்டது. டோக்கியோ ஒலிம்பிக்கில் நவீன ஐந்துவகைப் போட்டியில் முன்னணியில் இருந்த ஜெர்மன் வீராங்கனைக்குச் சீட்டுக் குலுக்கலில் கிடைத்த குதிரை தாண்ட மறுத்தது. அவர் அழுதபடி சாட்டையால் அடித்ததையும் பயிற்றுநர் கையால் குத்தியதையும் உலகம் பார்த்தது. குதிரைப்படை அதிகாரியின் திறமைகளை மனத்தில் வைத்து 1912-இல் தொடங்கப்பட்ட அந்தப் போட்டியிலிருந்து 2024 பாரிஸோடு சவாரி நீக்கப்பட்டது. பாரிஸுக்குச் சற்று முன்பு, கவசம் அணிந்து தங்கம் வென்ற அதே டுஜார்டன், பயிற்சியில் குதிரையின் கால்களைச் சாட்டையால் திரும்பத் திரும்ப அடிக்கும் காணொளி வெளிவந்ததும் விலகிக்கொண்டார். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு அவருக்கு ஓராண்டு தடை விதித்தது.

இப்போதைய சர்ச்சை ஒரு தோல்பட்டையைப் பற்றியது. குதிரை வாய் திறந்து கடிவாள இரும்பைத் தவிர்க்காமல் இருக்க மூக்குப்பட்டையை இறுக்கிக் கட்டுவது போட்டியாளர்களின் பழக்கம். மூக்கெலும்புக்கும் பட்டைக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும் என்று பழைய நூல்கள் சொன்னாலும், யாருடைய விரல், எந்த இடத்தில் என்பதற்கு விடை இருக்கவில்லை. 2025-இல் சர்வதேசக் கூட்டமைப்பு அதற்கென ஓர் அளவுகருவியைக் கொண்டுவந்து, அது பட்டையின் அடியில் நுழைகிறதா என்று போட்டிக் கண்காணிப்பாளர்கள் சோதிக்கத் தொடங்கினார்கள். மேல்நிலை டிரெசாஜில் இரண்டு இரும்புகள் கொண்ட இரட்டைக் கடிவாளத்தைக் கட்டாயமாக வைத்திருப்பதா, விருப்பத்துக்கு விடுவதா என்ற வாதம் இன்னும் முடியவில்லை.